நாற்பத்தொன்றாவது ஆள்

டிக்கெட் எண் 48211.
பெரியமேடு தோல் ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து
சாயங்காலம் நாலே முக்காலுக்கு வந்தது.
யூசர் பெயர்: மரியதாஸ்.
வேண்டியது: கணக்கை நீக்கவும்.
காரணம் என்ற கட்டத்தில் ஒரே சொல்:
எக்ஸ்பயர்ட்.

திலீபன் அதைப் பாஸ்வேர்டு என்று நினைத்தான்.
புதுசாக ஒன்று போட்டுத் தரவா என்று
ஃபோன் செய்து கேட்டும்விட்டான்.
அந்தப் பக்கம் ஒரு பெண்
"ஞாயித்துக்கிழமையே அடக்கம் ஆயிடுச்சு சார்,
காசிமேட்டுக் கல்லறையில" என்றாள்.

ஒப்பந்தப்படி எங்களுக்கு நாலு மணி நேரம்.
அவன் பதினோரு நிமிடத்தில் முடித்தான்.
திரையில் பச்சை.
பச்சை விழுந்தால் கீழே இறங்கலாம்,
ஈக்காட்டுத்தாங்கல் முனைக் கடையில்
பஜ்ஜி தீர்வதற்குள்.

ராத்திரி ஒன்று நாற்பதுக்கு என் ஃபோன்.
பெரியமேட்டில் பில் வரவில்லை.
இரண்டு கண்டெய்னர் எண்ணூர் ரோட்டில் நிற்கிறது,
டிரைவர் வண்டிக்கடியில் பாயே விரித்துவிட்டாராம்.
ஆறு மணிக்குள் தாள் போய்ச் சேராவிட்டால்
கப்பல் கிளம்பிவிடும்.
ஜக்கரியா பாய் எதற்கும் கத்துகிறவர்.
அன்றைக்குக் கத்தவில்லை.
மாசாமாசம் உங்களுக்கு எதுக்குக் காசு என்று
கேட்கக்கூட இல்லை.
அதுதான் வயிற்றைக் கலக்கியது.

மகள் முழித்துக்கொள்வாள் என்று
மடிப்பாக்கம் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து
மடியில் லேப்டாப்பைத் திறந்தேன்.
கொசு. நாய். வரிசையாகச் சிவப்பு.

பில் அச்சடிப்பது: மரியதாஸ்.
சுங்கத்துக்குச் சரக்குக் கணக்கு அனுப்புவது: மரியதாஸ்.
இரவு பேக்கப்: மரியதாஸ்.
மாதம் முதல் தேதி சம்பளப் பட்டியல்,
அதுவும் மரியதாஸ்.

வெறும் டிஸ்பாட்ச் கிளார்க்.
எங்களுக்கு முன்னால் பார்த்துக்கொண்ட எவனோ
ஓர் அவசரத்தில் எல்லாவற்றையும்
அவர் பெயரில் ஓடவிட்டுப் போயிருக்கிறான்.
பக்கத்தில் குறிப்பு: தற்காலிகம்.
அதற்கப்புறம் ஏழு வருஷம்
மாதாந்திர அறிக்கையில் 'யாவும் சீர்' என்று
கையெழுத்துப் போட்டது நான்.

எனேபிள் என்கிற பட்டன்
இருப்பவருக்கும் போனவருக்கும் ஒன்றுதான்.
நிச்சயமா என்று கேட்டது,
எல்லாரிடமும் கேட்பதுபோல.

இரண்டு பத்துக்கு அங்கே பிரிண்டர் இருமி எழுந்தது.
வாட்ச்மேன் முதல் தாளை ஃபோட்டோ எடுத்து
வாட்ஸப்பில் அனுப்பினார்.
அடியில், பொடி எழுத்தில்:
தயாரித்தவர் மரியதாஸ்.
எதற்கு அனுப்பினார் என்று
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டிக்கெட்டை மூடக் காரணம் கேட்கும்.
ஹார்ட்வேர், நெட்வொர்க், மின்தடை, பயனர் தவறு.
பயனர் தவறு என்று போட விரல் வரவில்லை.
எங்கள் தவறு என்பது
பட்டியலிலேயே கிடையாது.
'இதர' என்று போட்டு மூடினேன்.

மாதக் கடைசி.
தலைக்கு இவ்வளவு என்றுதான் எங்கள் பில்.
"நாப்பது பேர்தானேம்மா நாங்க,
நாப்பத்தொண்ணு போட்டிருக்கீங்க?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் அவர் அறை ஃபேன் மட்டும் கேட்டது.
பிறகு பாய் பேரத்துக்கு வந்தார்:
"லீவு கேக்க மாட்டாரு, மவுஸ உடைக்க மாட்டாரு,
உங்களுக்கு ஒரு ஃபோன் பண்ண மாட்டாரு.
அவருக்குப் பாதி ரேட் போடுங்க."

போட்டேன்.

அந்த வேலைகளை வேறு பெயருக்கு மாற்றியாக வேண்டும்.
பாதுகாப்பு விதி அப்படி.
ஒரு மத்தியானம் போதும்.
டிக்கெட் என் பெயரில்தான் கிடக்கிறது,
கெடுவை மூன்று தடவை தள்ளிவிட்டேன்.

நேற்று விடிகாலை வந்த தகவல், வழக்கம்போல:
பேக்கப் முடிந்தது.
மரியதாஸ், 3:04.
பிழை எதுவும் இல்லை.